கட்டுவதற்குப் பணம் வரும், காப்பதற்கு?
பொதுக் கழிப்பறைகளும் உள்ளாட்சி நிதியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

"உள்ளாட்சியும் பொதுச் சுகாதாரமும்" என்னும் பொருளில் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆகவே அதில் ஒரு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பொதுக் கழிப்பறை. நகராட்சிக் கணக்குப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதன் வரவையும் செலவையும் ஓரளவு அறிவேன்.

பள்ளிவாசலில் நின்று பேசுவதற்கு இது உகந்த பொருள்தானா என்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. நமது ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதலில் வருவது தஹாரத் எனும் தூய்மைப் பாடமே. தொழுகையின் பாடம் அதற்குப் பிறகே வருகிறது. மக்கள் நடமாடும் பாதையிலும் அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் மலசலம் கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள். அத்தடையைப் பேணவேண்டுமாயின் பாதையோரத்தில் ஒதுங்குபவருக்கு வேறோர் இடம் இருக்க வேண்டும். அவ்விடத்தை அமைத்துத் தருவது யார் கடமை, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, வந்த பணம் ஏன் போதாமற் போகிறது என்பவையே இன்று நாம் காணப்போகும் வினாக்கள்.

இல்லாமையால் யாருக்கு இடர்?

வீட்டில் கழிப்பறை உள்ளவருக்கும் கடைத்தெருவில் அது தேவைப்படுகிறது. காலை 5 மணிக்குக் கீரைக்கட்டும் மீன்கூடையும் சுமந்து வரும் பெண் மாலைவரை சந்தையிலேயே இருக்கிறார். மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணி, நீரிழிவு நோயால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய முதியவர், ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்று பணிபுரியும் இளம்பெண், இவர்களெல்லாம் எங்கே செல்வார்கள்? ஆண்கள் ஏதேனும் ஒரு சுவரோரத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அது தவறு என்றபோதிலும் நடக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்குவதாலும் நீர் அருந்தாமையாலும் சிறுநீர்ப் பாதையில் நோய்த்தொற்று ஏற்படுவதை மருத்துவர்கள் நன்கறிவார்கள்.

நமது பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகிலுள்ள கழிப்பறைகளைத் தொழுகையாளிகள் மட்டுமன்றி, வழிப்போக்கர்களும் பிற சமயச் சகோதரர்களான வணிகர்களும் பயன்படுத்தி வருகிறார்கள். ஜமாஅத் அதற்குத் தடைசொன்னதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வாயில் ஆண்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது என்பதை இத்தருணத்தில் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கடமை யாருடையது?

இந்திய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட 12-ஆம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. 6-ஆவது பணி பொதுச் சுகாதாரமும் துப்புரவும். 17-ஆவது பணி பொது வசதிகள். தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுடன் பொதுக் கழிப்பிடமும் அதில் பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளது. தமிழகத்தில் நீண்டகாலம் நடைமுறையிலிருந்த 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்தில், 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டங்கள் மாறினாலும், துப்புரவு உள்ளாட்சியின் அடிப்படைப் பணி என்பது மாறவில்லை.

நீதிமன்றங்களும் இதனை உரிமையாகவே காண்கின்றன. நாட்டிலுள்ள நீதிமன்ற வளாகங்கள் அனைத்திலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 15 அன்று ஆணையிட்டது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் இதுவும் அடங்கும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. ஆகவே கழிப்பறை கேட்டுச் செல்லும் குடிமகன் சலுகை கேட்டுச் செல்வதாகக் கருதிக்கொள்ள வேண்டியதில்லை.

கட்டுவதற்கான பணம்

ஓர் உள்ளாட்சிக்குப் பணம் வரும் வழிகள் பல. முதலாவது, அதன் சொந்த வருவாய்: சொத்துவரி, தொழில்வரி, கடை வாடகை, குத்தகை, உரிமக் கட்டணம். இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் 10 விழுக்காடு. மூன்றாவது, மத்திய நிதி ஆணையத்தின் மானியம். 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கு 15-ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த மானியத்தில், பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டுப்படுத்தி ஒதுக்கப்பட்டது. நான்காவது, திட்ட நிதி. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா இயக்கமும் 2021 அக்டோபரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டமும் இவ்வகையைச் சார்ந்தவை. இவையன்றி, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியும் உண்டு.

இப்பட்டியலைக் கேட்கும்போது, இத்தனை வழிகள் இருக்கையில் கழிப்பறை ஏன் பூட்டிக்கிடக்கிறது என்னும் ஐயம் எழும். விடை இதுதான்: திட்ட நிதியும் தொகுதி நிதியும் பெரும்பாலும் கட்டடத்தை எழுப்புவதற்காகவே தரப்படுகின்றன. அடிக்கல்லும் திறப்பு விழாவும் கல்வெட்டும் அப்பணத்தில் நடந்துவிடும். மறுநாள் காலை அங்கே வாளியும் விளக்குமாறும் ஏந்தி நிற்க வேண்டியவரின் ஊதியம் மட்டும் உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்துதான் வரவேண்டும். அந்த வருவாயிலிருந்துதான் மற்ற ஊழியர்களின் ஊதியமும் மின்கட்டணமும் ஓய்வூதியமும் செல்லவேண்டும். பற்றாக்குறை வரும்போது முதலில் கைவிடப்படுவது கழிப்பறையே.

காப்பதற்கான பணம்

ஒரு கணக்கைப் பாருங்கள். இது விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட கணக்கேயன்றி எந்தவோர் ஊரின் கணக்கும் அன்று. 10 இருக்கைகள் கொண்ட ஒரு கழிப்பறைக்கு இரண்டு வேளைக்குமாக மூன்று பணியாளர்கள், ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்றால் 45,000. தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் 8,000. துப்புரவுப் பொருள்களுக்கு 4,000. குழாய், தாழ்ப்பாள் பழுது நீக்கவும் கழிவுத்தொட்டியின் கசடு அகற்றவும் 8,000. ஆக மாதம் 65,000 ரூபாய். ஆண்டுக்கு 7,80,000 ரூபாய். கட்டடத்திற்கு 30 இலட்சம் செலவானது என வைத்துக்கொண்டால், நான்கே ஆண்டுகளில் பராமரிப்புச் செலவு கட்டுமானச் செலவை விஞ்சிவிடுகிறது.

இதனை முழுவதும் கட்டணத்தால் ஈடுசெய்ய முடியுமா? ஒருவருக்கு 5 ரூபாய் என்றால் நாள்தோறும் 430-க்கும் மேற்பட்டோர் வரவேண்டும். பெரிய பேருந்து நிலையத்தில் அது கைகூடலாம். 120 பேர் மட்டுமே வரும் சந்தைத் தெருவில் மாத வருவாய் 18,000 ரூபாய்தான். எஞ்சிய 47,000 ரூபாயை எவரேனும் தந்தாக வேண்டும். தருவார் இல்லையேல் முதலில் தண்ணீர் நிற்கும், பிறகு ஆள் நிற்பார், கடைசியில் பூட்டு விழும்.

கட்டண முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நமது ஊர்களில் கட்டணக் கழிப்பிடத்தை ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டு, அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகை தருவது வழக்கம். குத்தகைதாரர் நகராட்சிக்குப் பணம் கட்டுகிறார்; கட்டிய பணத்தை மீட்பதில் முனைகிறார். சுத்தம் செய்யச் செய்ய அவருக்குச் செலவு கூடுகிறது. ஆள் குறைக்கக் குறைக்க இலாபம் கூடுகிறது. அறிவிப்புப் பலகையில் ஒரு தொகையும் கல்லாவில் வேறொரு தொகையும் வாங்கப்படுவது இதனால்தான். துப்புரவுக்காகப் பணம் செலவிட வேண்டிய ஓரிடத்தை வருமானம் ஈட்டும் இடமாகக் கணக்கில் எழுதியதன் விளைவு இது.

கட்டணத்தின் சுமையும் சமமாக விழுவதில்லை. ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பிடம் இலவசமாகவும், அதே தேவைக்குப் பெண்களிடம் கட்டணமும் என்னும் நிலை பல நகரங்களில் இருந்துவந்தது. இதனை எதிர்த்து மும்பையில் 2011-இல் பெண்கள் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் கவனம் பெற்றது. நாளில் மூன்று முறை கட்டணம் செலுத்தும் கீரைக்காரப் பெண்ணுக்கு அது அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு.

அனுபவங்கள் கூறும் பாடம்

தமிழக ஊராட்சிகளில் 2001 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில், ஊராட்சிக்கு ஒன்று என்ற அளவில் 12,000-க்கும் மேற்பட்ட மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் என்று நல்ல நோக்கத்துடன் அமைந்த திட்டம் அது. ஆயினும் தண்ணீரும் மின்சாரமும் ஆளும் இன்றி அவற்றில் ஏராளமானவை பயனற்றுப் போயின. 2011-12-ஆம் ஆண்டில் அவற்றைப் புதுப்பிக்க அரசு மீண்டும் பெருந்தொகை செலவிட நேர்ந்தது. கட்டடம் இருந்தது; அதனை நாள்தோறும் காப்பதற்கு நிலையான வழி இல்லாதிருந்தது.

இதற்கு மாறான அனுபவம் திருச்சிராப்பள்ளியில் உண்டு. அங்குள்ள கல்மந்தைக் குடியிருப்பில், பராமரிப்பின்றிக் கிடந்த சமுதாயக் கழிப்பறையை அப்பகுதிப் பெண்களே குழுவாக இணைந்து நடத்தினார்கள். கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம் அவர்களுக்குத் துணைநின்றது. பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்று, பணியாளருக்கு ஊதியம் தந்து, கணக்கும் எழுதினார்கள். மீதத்தை அப்பகுதியின் தேவைகளுக்கே செலவிட்டார்கள். 2002-இல் கல்மந்தை திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது. பின்னர் இம்முறை நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அங்கே கட்டணம் செலுத்தியவரும் கணக்குப் பார்த்தவரும் ஒரே தெருவினர் என்பதுதான் வெற்றியின் காரணம்.

பீகாரைச் சேர்ந்த பிந்தேசுவர் பாடக் 1970-இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கினார். 1974-இல் பாட்னாவில் அவ்வியக்கத்தின் கட்டணக் கழிப்பறை திறக்கப்பட்டது. நிலமும் கட்டுமானச் செலவும் உள்ளாட்சியுடையது. நீண்டகாலப் பராமரிப்புப் பொறுப்பு நடத்துபவருடையது என்பது அம்முறை. பல்லாண்டுகள் தாமே நடத்த வேண்டியவர் தொடக்கத்திலேயே உறுதியான குழாயைப் பொருத்துவார். ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அந்த அக்கறை எழுவதற்கு இடமில்லை.

சென்னை மாநகராட்சியோ தன் கழிப்பறைகளைப் பொதுமக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் முறையை மேற்கொண்டுள்ளது. அண்மை ஆண்டுகளில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் மெரினாக் கடற்கரைப் பகுதியிலும், தனியார் நிறுவனமே கட்டியும் புதுப்பித்தும் பராமரித்தும் வர, மாநகராட்சி அதற்கான தொகையைத் தவணைகளாகத் தருமாறு ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. ஏலமுறையில் நடத்துபவர் உள்ளாட்சிக்குப் பணம் தருகிறார். இம்முறையில் உள்ளாட்சி நடத்துபவருக்குப் பணம் தருகிறது. தூய்மை குறைந்தால் பணத்தைக் குறைக்கும் அதிகாரமும் அப்போது உள்ளாட்சியிடம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த, நேரில் சென்று பார்க்கும் கண்கள் வேண்டும்.

தூய்மை செய்பவரின் உயிர்

பராமரிப்பு என்று கூறும்போது ஒரு மனிதரைப் பற்றியே பேசுகிறோம் என்பதை மறந்துவிடலாகாது. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. பாதுகாப்புச் சாதனங்கள் இன்றிக் கழிவுத்தொட்டிக்குள் ஆளை இறக்குவது அச்சட்டப்படி குற்றம். 1993 முதல் சாக்கடைகளிலும் கழிவுத்தொட்டிகளிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. கசடு அகற்றும் ஊர்திக்குரிய தொகையை மிச்சப்படுத்த எண்ணி ஆளை இறக்குபவர் நகராட்சி ஒப்பந்தக்காரராயினும், வீட்டு உரிமையாளராயினும், ஏன், ஒரு ஜமாஅத்தாயினும் சட்டத்தின் முன்னும் இறைவனின் முன்னும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜமாஅத் செய்யத்தக்கவை

முதலாவது, கேட்பது. தமிழகத்தின் நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைப்பதற்கு 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. இத்தகைய கூட்டங்களுக்கு நமது மஹல்லாவிலிருந்து ஆண்களும் பெண்களும் செல்லவேண்டும். அங்கே, "கழிப்பறை கட்டித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டுத் திரும்பினால், இன்னொரு பூட்டிய கட்டடமே கிடைக்கும். "அதன் பராமரிப்புக்கு வரவு-செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கியுள்ளீர்கள்? ஒப்பந்தக்காரர் யார்? எத்தனை பணியாளர்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?" என்று கேட்கவேண்டும். வாய்மொழியாக விடை கிடைக்காவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் எழுத்து மூலம் கேட்கலாம்.

இரண்டாவது, கொடுப்பது. தமிழக அரசு 2022-இல் சொத்துவரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோது நம்மில் பலர் வருந்தினோம். அவ்வருத்தம் இயல்பானது. ஆயினும் துப்புரவாளரின் ஊதியம் பெரும்பாலும் அவ்வரியிலிருந்துதான் செல்கிறது. வரியை நிலுவை வைத்துக்கொண்டு கழிப்பறையின் நாற்றத்தைக் குறைகூற நமக்கு வாய் எழாது. தொழுகைக்குரிய இடத்திற்கு வரிவிலக்கு உண்டு. வாடகைக்கு விடப்பட்ட கடைகளுக்கு அவ்விலக்கு பொருந்தாது. ஜமாஅத் கடைகளின் வரி உரிய நாளில் செலுத்தப்பட வேண்டும். உரிய நாளில் செலுத்துபவர் உரத்த குரலில் கேட்கலாம்.

மூன்றாவது, பங்கேற்பது. நமக்கு நாமே திட்டத்தின்கீழ், மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் அளித்தால் எஞ்சியதை அரசு ஏற்றுப் பணியை நிறைவேற்றுகிறது. பணம் படைத்த நம்மவர்கள் சதக்கா ஜாரியா எனும் நிலையான தர்மத்தின் எண்ணத்துடன் இதில் பங்குபெறலாம். வக்ஃபு வருமானத்தை இதற்குத் திருப்பலாமா என்று சிலர் வினவக்கூடும். வக்ஃபு செய்தவர் எந்நோக்கத்திற்காக எழுதிவைத்தாரோ அந்நோக்கத்திற்கே அது செலவாக வேண்டும். ஆகவே இதற்கெனத் தனிக் கணக்கும் தனி வசூலும் அமைவதே முறை.

நான்காவது, நமது வாயிலில் தொடங்குவது. பள்ளிவாசலின் கடைத்தெரு ஓரத்தில் பெண்களுக்கெனத் தனி வாயிலுடன் கூடிய இரண்டு மூன்று கழிப்பறைகளை அமைக்கவேண்டும், அவை எச்சமயப் பெண்ணுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது இப்பொதுக்கூட்டத்தின் முன் நான் பணிவுடன் வைக்கும் கோரிக்கை. இக்கோரிக்கைக்கு நானே ஒரு நிபந்தனையும் விதிக்கிறேன். மாதச் செலவுக்குரிய நிலையான வருமானம் இன்னது, அதனைப் பார்த்துக்கொள்ளும் குழு இன்னது என்று எழுத்தில் முடிவாகும்வரை ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. அக்குழுவில் பெண்கள் இடம்பெறவேண்டும். அந்தக் கழிப்பறைக்குள் சென்று பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

இந்த நிபந்தனை புதியதன்று. உஸ்மானியப் பேரரசின் நகரங்களில் பள்ளிவாசல்களை ஒட்டி உளூச் செய்யும் இடங்களும் கழிப்பறைகளும் வக்ஃபினால் நடத்தப்பட்டன. அக்கால வக்ஃபு ஆவணங்களில் கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தவில்லை. எந்தக் கடையின் வாடகை, எந்த நிலத்தின் விளைச்சல் அதற்கு வருமானம், அங்கே பணிபுரிவோருக்கு எவ்வளவு ஊதியம் என்பவையும் எழுதப்பட்டன. கட்டியவர் மறைந்த பின்னும் அறம் தொடர்ந்தது அதனால்தான். இன்றைய நகராட்சியின் வரவு-செலவுத் திட்டத்தில் காணாமற்போன வரி அதுவே. நகர்மன்றத்திடம் நாம் கேட்கவேண்டியதும், நம் ஜமாஅத்தின் தீர்மான ஏட்டில் எழுதவேண்டியதும் அந்த ஒரு வரிதான்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களையும் இல்லங்களையும் தெருக்களையும் தூய்மையாக்கி, பிறர் துயர் நீக்கும் பணியில் நம்மை நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.